வரைபடத்து ஊரும் வாய்ப்பேச்சு ஊரும்: பொறியாளருக்குச் சமூகவியல் எதற்கு?

மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், இந்த செமஸ்டரில் ‘சமூகவியல் அறிமுகம்’ என்று ஒரு பேப்பர் வைத்திருக்கிறார்கள், டர்க்ஹைம், வெபர் என்ற சமூகவியல் முன்னோடிகள் எனக்கு எந்த மெஷினை ஓட்டக் கற்றுத்தரப் போகிறார்கள், மார்க்குக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு தடவை படித்தேன். பேப்பர் தேவையா என்பது மேலே தெரிகிற கேள்வி. கணக்கு சரியாக வந்துவிட்டால் பொறியாளரின் வேலை முடிந்ததா, அதற்கு மேலும் அவர் தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கிறதா என்பதுதான் உங்களை உண்மையில் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் சிவில் படித்தவன். கிராமக் குடிநீர்த் திட்டங்களில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு தொலைதூரக் கல்வியில் சமூகவியல் எம்.ஏ. முடித்தேன். அதனால் தண்ணீர், குழாய், வால்வு பற்றி நான் சொல்வதை அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள். சமூகவியல் பற்றிச் சொல்வதை, பிந்திப் படித்த ஒரு மாணவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

1989-இல், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு ஊருக்கு நான் குழாய்த் திட்டம் போட்டேன். சுமார் 1,400 பேர். அப்போது கிராமத்துக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்பது கணக்கு. 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி கட்டி, இரண்டு வேளை ஏற்றினால் போதும். தொட்டியிலிருந்து பெரிய தெரு, அதைத் தாண்டிப் பிள்ளையார் கோயில் தெரு, கடைசியில் காலனி என்று பைப்லைன் போனது. உராய்வு இழப்பெல்லாம் கழித்துப் பார்த்தாலும் கடைசித் தெருக்குழாயில் போதிய அழுத்தம் இருக்கும் என்று கணக்கு சொன்னது. அந்தக் கணக்கில் தப்பே இல்லை, பிறகு மூன்று முறை சரிபார்த்தேன். ஆறு மாதம் கழித்து, காலனிக்குத் தண்ணீர் வரவில்லை என்று கலெக்டர் ஆபீஸ் வழியாக மனு வந்தது.

பிரஷர் கேஜை எடுத்துக்கொண்டு ஒரு பகல் பதினொரு மணிக்குப் போனேன். ஊராட்சித் தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். “எல்லாருக்கும் வருதே சார்” என்றார். தொட்டியைத் திறக்கச் சொல்லிக் காலனிக் குழாயில் கேஜை மாட்டினேன். முள் சரியாகவே நின்றது. மனு பொய் என்று எழுதிவிட்டுத் திரும்பியிருப்பேன். என்னோடு வந்த வயதான பிட்டர், “காலைல ஆறு மணிக்கு வந்து பாருங்க சார், எல்லாரும் தண்ணி பிடிக்கிற நேரத்துல” என்றார். மறுநாள் போனேன். பெரிய தெருவில் ஒவ்வொரு குழாயடியிலும் இரண்டடிக்குக் குழி வெட்டி, குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கியிருந்தார்கள். குழிக்குள் இறங்கிக் குடத்தை வைத்தால் தண்ணீர் கொட்டுகிறது. தாழ்ந்த குழாய்களிலேயே தண்ணீர் இறங்கிவிட்டால் கடைசிக் குழாய்வரை அழுத்தம் போய்ச் சேராது. காலனியில் குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன, குடம் இல்லாதவர்கள் இடம்பிடிக்க வைத்த செங்கலும் ஓட்டை பிளாஸ்டிக் வாளியும் இருந்தன. குழாயைத் திறந்தால் காற்று சீறிவிட்டு நின்றது. அங்கே நின்ற ஒரு அம்மாவிடம், “எல்லாருக்கும் வருதுன்னு தலைவர் சொல்றாரேம்மா?” என்று கேட்டேன். அவர் கோபப்படக்கூட இல்லை. “அவரு ஊரச் சொல்லியிருப்பாரு சார். நாங்க காலனி” என்றார்.

அந்த ஒரு வாக்கியம் எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தராத பாடம். தலைவர் பொய் சொல்லவில்லை. என் வரைபடத்தில் ‘ஊர்’ என்றால் எல்லைக்கல்லுக்குள் இருக்கும் எல்லாமும். அவர் வாயில் ‘ஊர்’ என்றால் சாதிக்காரர்கள் குடியிருக்கும் பகுதி மட்டும், தலித் மக்கள் குடியிருக்கும் காலனி அதற்கு வெளியே. அந்த அம்மாவின் வாயிலும் அதே அர்த்தம்தான். நானும் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவன், அந்தச் சொல்லை அதே அர்த்தத்தில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். டிராயிங் ஷீட்டில் கை வைத்ததும் அது மறந்துபோனது. தஞ்சாவூர்க் கிராமங்களில் 1950-களின் தொடக்கத்தில் காத்லீன் கஃப் என்ற மானுடவியலாளரும், 1960-களின் தொடக்கத்தில் ஆந்த்ரே பெத்தே என்ற சமூகவியலாளரும் தங்கி ஆய்வு செய்தபோது, தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்திருப்பதை வீடு வீடாகக் குறித்துவைத்தார்கள். அது எனக்குப் படிக்கக் கிடைத்தது 2006-க்குப் பிறகு. 1989-இல் படித்திருந்தால் வால்வை எங்கே வைப்பது என்று வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

இன்னொன்றும் அன்றைக்குப் பார்த்தேன். தொட்டியைத் திறந்துவிடும் ஆபரேட்டர் எத்தனை மணிக்கு மூடுகிறார் என்று கேட்டேன். “ஊர்ல குடம் ரொம்பினதும் மூடிடுவேன்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. மாதம் அவருக்குக் கிடைத்தது சொற்பக் கூலி. வயல் வேலை, கைமாற்றுக் கடன், பெண் கல்யாணத்துக்கு உதவி எல்லாமே பெரிய தெருவிலிருந்து வர வேண்டும். அவர் எந்த நேரத்தில் மூடுவார் என்பதை என் ஹைட்ராலிக்ஸ் நிர்ணயிக்கவில்லை, அந்தக் கடன்தான் நிர்ணயித்தது.

சமூகவியல் என்பது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அது நல்லொழுக்கப் பாடமோ, ஏழைகளிடம் அன்பாக இருங்கள் என்ற உபதேசமோ கிடையாது. ஒரு ஆபரேட்டர், ஒரு தலைவர், ஒரு அம்மா என்று தனித்தனி ஆட்களின் குணத்தை வைத்து விளக்க முடியாத, ஆள் மாறினாலும் மாறாமல் திரும்பத் திரும்ப வருகிற ஒழுங்குகளைத் தேடுகிற படிப்பு அது. அந்த ஆபரேட்டரை மாற்றிவிட்டு வேறொருவரைப் போட்டாலும் அதே நேரத்தில்தான் வால்வு மூடப்பட்டிருக்கும். எமில் டர்க்ஹைம் 1897-இல் தற்கொலையைப் பற்றி எழுதியதன் சாரமும் இதுதான். தற்கொலையைவிடத் தனிமனிதச் செயல் வேறு இல்லை என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் ஒரு நாட்டில் லட்சம் பேருக்கு எத்தனை என்று கணக்கெடுத்தால், இறந்தவர்கள் வேறு வேறு ஆட்களாக இருந்தும், ஆண்டுக்கு ஆண்டு அந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. நாட்டுக்கு நாடு மட்டும் வேறுபடுகிறது. ஆட்களைத் தாண்டிய ஏதோ ஒன்று அங்கே வேலை செய்கிறது, அதை ஒரு பொருளைப் போல வெளியே வைத்து ஆராய வேண்டும் என்றார் அவர். ஒரு இரும்புக் கம்பியை இழுத்து அதன் தன்மையைப் பார்க்கிற உங்களுக்கு இந்த மனோபாவம் அந்நியமாக இருக்காது.

சொல்லப்போனால் இந்தத் துறையைத் தொடங்கியவர்களில் பலர் நம் ஆட்கள்தாம். ‘சமூகவியல்’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அகஸ்ட் காம்ட், பாரிஸில் பொறியாளர்களை உருவாக்கிய எகோல் பாலிடெக்னிக்கில் படித்தவர். ஹெர்பர்ட் ஸ்பென்சர் இளவயதில் இங்கிலாந்தில் ரயில்பாதை போடும் வேலையில் இருந்தார். ஃப்ரெடெரிக் லெ ப்ளே சுரங்கப் பொறியாளர், தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை வீட்டுக்கு வீடு குறித்து 1855-இல் வெளியிட்டார். விளைவில் 80 சதவீதம் 20 சதவீதக் காரணங்களால் வருகிறது, அதாவது 80-க்கு 20 என்று மேனேஜ்மென்ட் வகுப்பில் சொல்கிறார்களே, அந்தப் பேச்சுக்கு மூலமான பரேட்டோ, டுரினில் பொறியியல் முடித்து ரயில்வேயில் வேலை பார்த்தவர். இதை வைத்துத் தேர்வில் எதுவும் எழுத முடியாது. வேலிக்கு அந்தப்பக்கத்துப் படிப்பு என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் மெக்கானிக்கல் என்பதால் சுரங்கத்து உதாரணம் ஒன்று. பிரிட்டனில் நிலக்கரியைக் கையால் வெட்டிய காலத்தில் இரண்டு மூன்று பேர் ஒரு குழு. வெட்டுவது, அள்ளுவது, மேலே முட்டுக் கொடுப்பது எல்லாம் அவர்களே செய்வார்கள், கூட்டாளியையும் அவர்களே தேர்ந்துகொள்வார்கள். பிறகு வெட்டும் இயந்திரமும் கன்வேயரும் வந்தன. நீண்ட சுவராக வெட்டும் முறை, நாற்பது ஐம்பது பேர், மூன்று ஷிப்ட். ஒரு ஷிப்ட் வெட்டும், ஒரு ஷிப்ட் கன்வேயரை நகர்த்தும், ஒரு ஷிப்ட் அள்ளும். காகிதத்தில் உற்பத்தி ஏற வேண்டும். நடந்தது வேறு. முந்தின ஷிப்ட் அரைகுறையாக விட்டுப்போனால் அடுத்த ஷிப்டின் கூலி போகும். ஒருவரையொருவர் இருட்டில் பார்த்ததே இல்லை, பழி மட்டும் கைமாறியது. வேலைக்கு வராமல் நிற்பது பெருகியது. எரிக் ட்ரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1951-இல் இதை விரிவாக எழுதினார்கள். பாம்ஃபோர்த் தானே சுரங்கத்தில் உழைத்தவர் என்பதால் அவர் பார்த்தது மேலோட்டமாக இல்லை. இயந்திரம் ஒரு அமைப்பு, அதைச் சுற்றி மனிதர்கள் ஒருவரோடொருவர் கட்டப்பட்டிருப்பது இன்னொரு அமைப்பு, இரண்டையும் சேர்த்து வடிவமைக்காவிட்டால் இரண்டும் கெடும் என்ற கருத்து அங்கிருந்துதான் வளர்ந்தது. அசெம்ப்ளி லைன் லேஅவுட் போடுகிற இடத்துக்கு நீங்கள் நாளை போனால் இது உங்கள் அன்றாட விஷயம்.

இதுவரை சொன்னது மற்றவர்களைப் பற்றி. சமூகவியல் பொறியாளரையே மேஜையில் வைத்துப் பார்க்கிற இடம்தான் எனக்கு மிக முக்கியமானது. 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 விநாடியில் சிதறியது, ஏழு பேர் இறந்தார்கள். கலத்தை மேலே தள்ளும் பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், குளிரில் விறைத்து அடைக்கத் தவறியது. இது உலகத்துக்கே தெரியும். முதல்நாள் இரவே பூஸ்டர் தயாரித்த கம்பெனியின் பொறியாளர்கள் இவ்வளவு குளிரில் ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள், அதன் பிறகும் கம்பெனி நிர்வாகம் ஏவலாம் என்று மாற்றிச் சொன்னது. இதுவும் விசாரணையில் பதிவானது. மேலதிகாரிகள் விதியை மீறினார்கள், நல்ல பொறியாளர்கள் தோற்றார்கள் என்று நாம் கதையை முடித்துவிடுவோம். டயான் வான் என்ற சமூகவியலாளர் ஆவணங்களை ஆண்டுக்கணக்கில் புரட்டி 1996-இல் சொன்னது அதைவிடக் கலக்கம் தருவது. அந்த வளையம் அரிக்கப்படுவது 1981 முதலே சில பயணங்களில் தெரிந்துவந்தது. ஒவ்வொரு தடவையும் பொறியாளர்களே அதை ஆராய்ந்து, முறைப்படி கையெழுத்திட்டு, ‘ஏற்கத்தக்க அபாயம்’ என்று எழுதினார்கள். கலம் பத்திரமாகத் திரும்பியதும், நேற்று விலகலாகத் தெரிந்தது இன்று வழக்கமானது. யாரும் விதியை மீறவில்லை, விதிப்படியே நடந்தார்கள். விலகல் இயல்பாகிப்போவது என்று இதைச் சொல்கிறார்கள். 2003 பிப்ரவரி 1-இல் கொலம்பியா விண்கலம் சிதறியபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து உதிரும் நுரைத்துண்டு வந்து கலத்தில் மோதுவது பழகிப்போன விஷயமாகியிருந்தது. அதே வடிவம், வேறு பாகம்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. டெஸ்ட் ரிப்போர்ட்டில் குளோரின் அளவு குறைந்து வந்தபோது, ‘போன மாதமும் இப்படித்தான், ஒன்றும் ஆகவில்லை’ என்று நான் போட்ட கையெழுத்துகள் நினைவுக்கு வந்தன. ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மை. அது என் திறமையால் இல்லை.

நம் நாட்டு உதாரணம் ஒன்று போதும். கிராமங்களுக்கு அரசு பரிந்துரைப்பது இரட்டைக் குழிக் கழிப்பறை. ஒரு குழி நிறைந்ததும் அடைத்துவிட்டு அடுத்ததற்குத் திருப்ப வேண்டும். ஓரிரு ஆண்டு ஆறவிட்டால் முதல் குழியில் இருப்பது கிருமி செத்த உரமாகிவிடும், எடுத்து வயலில் போடலாம். பொறியியல்ரீதியாக அருமையான வடிவமைப்பு, இதை நான் மனதாரச் சொல்கிறேன். 2014-இல் வட மாநிலக் கிராமங்களில் எடுத்த ஒரு ஆய்வில், நல்ல நிலையில் கழிப்பறை இருக்கும் வீடுகளிலேயே நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவற்றில் ஒருவராவது வெளியேதான் போகிறார் என்று தெரிந்தது. காரணங்களில் ஒன்று குழி. குழியைக் காலி செய்வது அவர்கள் கண்ணில் ஒரு குறிப்பிட்ட சாதியின் வேலை, எரு என்று நாம் விளக்கினாலும் கை கூசுகிறது. அதனால் சொந்தச் செலவில் கட்டுகிறவர்கள் அரசு சொல்லும் அளவைப்போலப் பல மடங்கு பெரிய குழி வெட்டுகிறார்கள், அதுவும் நிறைந்துவிடுமே என்று பயந்து வீட்டில் சிலர் பயன்படுத்தாமல் இருக்கிறார்கள். மண்ணின் உறிஞ்சும் திறனைச் சோதித்த நாம், தீட்டு என்ற கணக்கைச் சோதிக்கவில்லை. ஆனால் கவனம்: அது வட மாநில ஆய்வு, அந்த எண்ணைத் தூக்கித் தமிழ்நாட்டுக்குப் பொருத்திச் சொல்வது தப்பு. இங்கே இதே கூச்சம் வேறு இடத்தில் வெளிப்படுகிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டம் வந்தும், தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்டிங் மெஷின் இருந்தும், கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறங்கி இறக்கும் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. மெஷின் போதாமையும் ஒரு காரணம்தான். கூப்பிட்டால் இறங்க வேண்டிய நிலையில் ஒரு கூட்டத்தை வைத்திருப்பதுதான் பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. மெஷின் வடிவமைக்கப்போகும் உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இனி, சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டியவை. இந்த பேப்பரில் ஹாதார்ன் ஆய்வு கட்டாயம் வரும். 1924 முதல் சிகாகோ பக்கத்துத் தொழிற்சாலையில் வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியது, தங்களைக் கவனிக்கிறார்கள் என்பதாலேயே தொழிலாளர்கள் நன்றாக உழைத்தார்கள் என்று எழுதியிருக்கும். பழைய தரவைப் பிற்காலத்தில் எடுத்து மறுபடி கணக்கிட்டவர்கள், பாடப்புத்தகம் சொல்லும் அளவுக்கு அந்த விளைவு அதில் தெரியவில்லை என்றார்கள். நியூயார்க்கில் சாலை, பாலப் பணிகளை நடத்திய அதிகாரி ராபர்ட் மோசஸ் என்பவர் அந்த நகரின் அருகே பாலங்களைத் தாழ்வாகக் கட்டி, பஸ்ஸில் வரும் ஏழைகளும் கறுப்பினத்தவரும் கடற்கரைக்கு வராதபடி செய்தார் என்ற கதையும் வரும். லாங்டன் வின்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-இல் அதை எழுதிப் பிரபலமாக்கினார். அந்தச் சாலைகளில் பஸ்ஸுக்கே அனுமதி இல்லை, மாற்றுப் பாதைகளும் இருந்தன என்று 1999-இல் கடுமையான மறுப்பு வந்தது. பாலம் தாழ்வு என்பது உறுதி, நோக்கம் விவாதத்தில் இருக்கிறது. டர்க்ஹைமிலும் அப்படித்தான்: விகிதம் நிலையாக இருக்கிறது என்பது தாங்கும், கத்தோலிக்கர்களிடம் தற்கொலை குறைவு என்று அவர் காட்டிய எண்களில், மதத்துக்குப் பயந்து மறைக்கப்பட்ட சாவுகள் எத்தனை என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. விடைத்தாளில் இந்த வித்தியாசத்தை ஒரு வரி எழுதினாலே நீங்கள் புரிந்து படித்தவர் என்று தெரியும்.

சமூகவியல் எதைத் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புக் காரணி 1.5 என்பதுபோல ஒரு எண் தராது. இந்த ஊரில் இந்தத் திட்டம் தோற்கும் என்று முன்கூட்டி அடித்துச் சொல்லாது. எங்கே பார்க்க வேண்டும், யாரிடம் கேட்க மறந்தோம் என்று சொல்லும். தீர்வு என்று நாம் கொடுப்பதே புதிய கேள்வியாகி நிற்பதையும் காட்டும். நான் அந்த ஊரில் கடைசியில் என்ன செய்தேன் என்றால், காலனிக்குத் தொட்டியிலிருந்தே தனி லைன், தனி வால்வு போட்டேன். ஒரே வாரத்தில் தண்ணீர் வந்தது, அந்த அம்மா சிரித்தார். ஆனால் வாய்ப்பேச்சில் இருந்த பிரிவினையை நான் பூமிக்கடியில் பிவிசி பைப்பாகவும் பதித்துவிட்டேன். பெரிய தெருவும் காலனியும் ஒரே லைனில் இருந்தவரை, தெருக்காரர்களோடு சண்டை போட்டு வாங்கும் உரிமையாவது அவர்களுக்கு இருந்தது. தாகத்துக்கு முன்னால் வேறு என்ன செய்திருக்க முடியும் என்றும் தோன்றுகிறது, செய்தது சரியா என்றும் தோன்றுகிறது. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் இரண்டு பக்கமும் என்னால் சாய முடியவில்லை.

2004-இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளர்கள் ‘கூடம்’ என்ற ஒரு முறையைக் கையில் எடுத்தார்கள். பதவி வேறுபாடு இல்லாமல் வட்டமாக உட்கார்ந்து பேசுவது, கிராம மக்களை மாற்றுவதற்கு முன்னால் நம் அணுகுமுறையைப் பார்ப்பது என்பது அதன் அடிப்படை. சமூகவியல் பொறியியலுக்குள் வந்து வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே இருக்கும் சான்று அது. தேடிப் படியுங்கள். கம்ப்யூட்டர், செயற்கை நுண்ணறிவு பக்கம் இதே கேள்விகள் எப்படி வருகின்றன என்று கேட்டால், அதில் வேலை செய்தவர்கள் யாராவது பதில் எழுதுவதுதான் நியாயம்.

இந்தப் பேப்பருக்கு உங்களிடம் ஒரு சிறு ப்ராஜெக்ட் கேட்பார்கள். இன்டர்நெட்டில் இருந்து எடுத்து ஒட்டாதீர்கள். உங்கள் வொர்க்‌ஷாப் லேபிலேயே செய்யலாம். ஒரு பேட்ச்சில் லேத் முன்னால் யார் நிற்கிறார்கள், யார் கொஞ்சம் தள்ளி நின்று ரீடிங் எழுதுகிறார்கள், மெஷின் நின்றால் லேப் அசிஸ்டன்ட் யாரிடம் வந்து விளக்குகிறார், யார் ரெக்கார்டை யார் பார்த்து எழுதுகிறார்கள் என்று நான்கு வாரம் தேதி போட்டுக் குறியுங்கள். பையன்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, தமிழ் மீடியத்தில் வந்தவர்கள் எத்தனை என்று பக்கத்தில் எழுதுங்கள். நான்கு வாரம் முடியும்வரை ஏன் என்று யாரையும் கேட்காதீர்கள், கேட்டால் மறுநாளே எல்லோரும் மாறி நிற்பார்கள். பிறகு லேத்தைத் தொடாத ஒருவரிடம் தனியாக உட்கார்ந்து, தொட வேண்டும் என்று தோன்றியதா, அன்றைக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். நோட்டு முடிந்ததும் இங்கே எழுதுங்கள், கட்டாயம் படிப்பேன்.